புனே தீயும் தொலைந்த படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்ச் 14-ஆம் தேதியும் யாராவது ஒருவர் பகிர்ந்துவிடுவார்: “இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’ வெளியான நாள். இதன் கடைசிப் பிரதி 2003-இல் புனே தீ விபத்தில் எரிந்துபோனது.” முதல் வரி சரி. இரண்டாவது வரி தவறு. தீ விபத்து நடந்தது உண்மைதான். ஆனால் அதன் தலையில் கட்டப்பட்ட பழியில் பாதி அதற்குரியது அல்ல. இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

2003-இல் என்னதான் நடந்தது?

2003 ஜனவரி 8-ஆம் தேதி, புனே லா காலேஜ் சாலையில் உள்ள திரைப்படக் கல்லூரி வளாகத்தில், பழைய நைட்ரேட் பிலிம்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தது. கல்லூரி வருவதற்கு முன் அந்த இடம் பிரபாத் ஸ்டூடியோ. கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் கம்பெனி 1933-இல் புனேவுக்குக் குடிவந்து அங்கேதான் ‘சந்த் துக்காராம்’ போன்ற படங்களை எடுத்தது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்ட பிறகு, தீப்பிடிக்கக்கூடிய பழைய ரீல்களை இந்த வளாகத்துக் கிடங்கில்தான் வைத்திருந்தார்கள்.

எரிந்தவை 607 படங்களின் 5,097 ரீல்கள் என்று கணக்கு வெளியானது. ஒரு ரீலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ராப்பகலாக ஓட்டினாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். பிரபாத், பாம்பே டாக்கீஸ், வாடியா மூவிடோன், நியூ தியேட்டர்ஸ் என்று அந்தக் காலத்தின் பெரிய கம்பெனிகளின் படங்களெல்லாம் அதில் இருந்தன.

அப்படியானால் 607 படங்களும் அடியோடு போய்விட்டனவா?

இல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே ‘சேஃப்டி பிலிம்’ எனப்படும், எளிதில் தீப்பிடிக்காத பிலிமில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். ‘சந்த் துக்காராம்’ படத்தை இன்றும் பார்க்க முடிவது அதனால்தான்.

“அப்ப என்ன நஷ்டம்?” என்று கேட்டால், வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பாருங்கள். மூலப் பத்திரம் எரிந்துபோய் ஜெராக்ஸ் மட்டும் கையில் இருந்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும், பழைய கீறல்கள் அப்படியே பதிவாகும், புதுசாகச் சில சேரும். பிரதி எடுத்தது அன்றைய கருவிகளை வைத்து. இன்று 4கே ஸ்கேனரில் ஒரு நல்ல நைட்ரேட் மூலத்தைப் போட்டால், முந்தைய தலைமுறை லேப் காட்டாததையெல்லாம் அது காட்டும். அந்த வாய்ப்பு 607 படங்களுக்கும் ஒரே நாளில் போயிற்று. என் பார்வையில் அந்தத் தீயின் உண்மையான நஷ்டம் இதுதான்.

சரி, ‘ஆலம் ஆரா’ எப்போது போனது?

காப்பகம் பிறப்பதற்கு முன்பே. ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14-இல் பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. எடுத்தவர் இம்பீரியல் கம்பெனியின் அர்தேஷிர் இரானி. காப்பகத்தை ஏறக்குறைய தனி ஆளாகக் கட்டியெழுப்பியவர் பி.கே. நாயர். திருவனந்தபுரத்துக்காரர், 1991-இல் ஓய்வுபெறும் வரை சுமார் 12,000 படங்களைச் சேர்த்தவர். அந்தப் படம் காப்பகத்துக்கு வரவே இல்லை என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். வராத படம் எப்படி எரியும்?

நாயர் இரானியைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். சில ரீல்கள் எங்காவது கிடக்கும் என்று பெரியவர் நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ரீல்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து எப்போதோ கழித்துக்கட்டியாயிற்று என்று அவருடைய மகன் நாயரிடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டுப் பழைய சாமானை எடைக்குப் போட்ட எத்தனையோ மகன்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அன்றைக்கு அதன் விலை அதுதான்.

வெள்ளியா? பிலிமில் வெள்ளி எங்கிருந்து வந்தது?

கருப்பு வெள்ளைப் படத்தில் நாம் ‘கருப்பு’ என்று பார்ப்பதே வெள்ளிதான். பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில், டெவலப் செய்த பிறகு, அது நுண்ணிய வெள்ளித் துகளாகத் தங்கிவிடும். உலோகம் என்றாலும் அவ்வளவு பொடிப்பொடியாக இருப்பதால் பளபளக்காமல் கறுப்பாகத் தெரிகிறது. கதாநாயகியின் கூந்தலும் கண்மையும் ராத்திரிக் காட்சியின் வானமும் எல்லாமே வெள்ளி.

ஒரு படம் ஊர் ஊராக ஓடி முடிந்ததும் அந்தப் பிரிண்டுக்கு ஒரே ஒரு மதிப்புதான் மிச்சம்: எடை. பழைய பிலிம் வாங்குகிறவர் வந்து பெட்டியோடு அள்ளிக்கொண்டு போவார். ரீலை ரசாயனத் தொட்டியில் ஊறப்போட்டால் பூச்சு கழன்றுவிடும். அடியில் வண்டலாகத் தங்குவதை உருக்கினால் வெள்ளி. மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் செல்லுலாய்டு நாடா. அதையும் வீணாக்கவில்லை, வளையலாயிற்று. 1930-களின் நாயகி ஒருத்தி 1940-களின் ஒரு கல்யாணப் பெண்ணின் கையில் குலுங்கியிருக்கலாம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் ஜார்ஜ் மெலியேயின் படப் பிரதிகள் முதல் உலகப்போரின்போது உருக்கப்பட்டுச் சிப்பாய்களின் பூட்ஸ் குதிகாலாயின.

நைட்ரேட் பிலிம் ஏன் அப்படி எரிகிறது?

செல்லுலோஸ் நைட்ரேட் என்பது பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்வது. வெடிமருந்துப் பஞ்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பூரத்தின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தால் காற்றில்லாமல் அணைந்துவிடும். நைட்ரேட் அணையாது. எரியத் தேவையான ஆக்சிஜனை அதுவே தனக்குள் வைத்திருக்கிறது. மணல் கொட்டினாலும் எரியும், தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். வருகிற புகையும் விஷம். தீயணைப்பு வீரர்கள் பக்கத்து அறைகளைக் காப்பாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பற்றவைக்க நெருப்பு வேண்டும் என்றுகூட இல்லை. நைட்ரேட் சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைகிறது. முதலில் படம் மங்கி மஞ்சளாகும். பிறகு பிசுபிசுத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். அடுத்து மேலே தேன் நிறத்தில் குமிழ் குமிழாகப் பொங்கும். கடைசியில் இறுகிக் கட்டியாகி, பழுப்பு நிறத் தூளாக உதிரும். இந்தச் சிதைவு தானே சூட்டை உண்டாக்கும், அந்தச் சூடு சிதைவை வேகப்படுத்தும். நன்றாகக் கெட்டுப்போன ரீல், மூடிய அறையில் நாள்கணக்கில் 41 டிகிரிச் சூட்டில் கிடந்தாலே தானாகப் பற்றிக்கொள்ளலாம். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அது ஒரு பெரிய எண்ணிக்கையே இல்லை.

அப்புறம் ஏன் அதையே பயன்படுத்தினார்கள் என்றால், அது உறுதியானது, தெளிவானது, வேறு எதுவும் அவ்வளவு நன்றாக உழைக்கவில்லை. 1948-இல் கோடக் நல்ல சேஃப்டி பிலிமைக் கொண்டுவந்தது. 1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

ஃபால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வும் போய்விட்டதா?

1913-இல் வந்த அந்தப் படம் மொத்தம் நான்கு ரீல். காப்பகத்துக்குக் கிடைத்தது முதல் ரீலும் கடைசி ரீலும் மட்டுமே. அவற்றின் பிரதிகள் இருக்கின்றன, நாம் இன்று பார்ப்பதும் அவற்றைத்தான். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: கைவசம் இருப்பது 1913 படமே அல்ல, ஃபால்கே அதே கதையை 1917-இல் மறுபடி எடுத்த படம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தில் ஒரு சட்டகம்கூட நம்மிடம் இல்லை.

இந்தத் தீயில் எரிந்த தமிழ்ப் படங்கள் எத்தனை?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரிய எண் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு. தமிழ் சினிமாவின் தொடக்கக் காலம் எரிவதற்குப் புனேவில் இருக்கவில்லை, அதற்கு வெகு முன்பே மறைந்துவிட்டது.

மௌனப் படக் காலத்தில் சென்னையில் 124 கதைப்படங்கள் எடுக்கப்பட்டன என்பது திரைப்பட வரலாற்றாளர்கள் தரும் கணக்கு. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, ‘மார்த்தாண்ட வர்மா’. அதுவும் மலையாள நாவல் ஒன்றின் கதை. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் செட் போட்டு எடுத்து 1918-இல் வெளியிட்ட ‘கீசக வதம்’ இல்லை. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அதுதான்.

‘காளிதாஸ்’ கதை இன்னும் நெஞ்சை அடைக்கும். எச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ் பேசும் படம். ‘ஆலம் ஆரா’வை எடுத்த அதே இம்பீரியல் கம்பெனி, அதே செட்டுகளில் எடுத்தது. பம்பாயிலிருந்து படப்பெட்டி சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, கினிமா சென்ட்ரல் தியேட்டர் வரைக்கும் வால்டாக்ஸ் சாலை நெடுக ஜனங்கள் பெட்டியின் பின்னால் ஊர்வலமாகப் போனார்கள். ரோஜா இதழ் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், சாம்பிராணி காட்டினார்கள். (நைட்ரேட் பெட்டிக்குப் பக்கத்தில் தணலும் புகையும்! யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது அந்தக் காளியின் கருணை.) படம் 1931 அக்டோபர் 31-இல் திரைக்கு வந்தது. சாமிபோல அழைத்துவரப்பட்ட அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ரீல்கூட இன்று எங்கும் இல்லை.

‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் எப்படித் தப்பியது?

கோர்ட்டு வழக்கால். நிஜமாகத்தான். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை 1933-இல் படமாக எடுத்தார். நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்தில் இருந்த கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அவர்கள் வழக்குப் போட, சில நாட்களிலேயே படம் நின்றது, பிரிண்ட் பதிப்பகத்தின் கைக்குப் போனது. தயாரிப்பாளருக்கு அதோடு எல்லாம் முடிந்தது. ஆனால் ஊர் ஊராக ஓடித் தேயவும் இல்லை, வெள்ளிக்காரர் கண்ணில் படவும் இல்லை. புத்தகக் கட்டுகளோடு கட்டாகப் பல பத்து ஆண்டுகள் கிடந்ததை 1974-இல் காப்பகம் வாங்கியது. வெற்றி பெற்ற படமாக இருந்திருந்தால் மற்றவற்றின் கதிதான் இதற்கும்.

மற்ற நாடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

நிறைய. 1937 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் லிட்டில் ஃபெரியில், வெயில் வாட்டிய நாட்களில், ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்து அதன் மௌனப் படங்களில் பெரும்பகுதி போனது. 1978 அமெரிக்கர்களுக்குக் கெட்ட ஆண்டு: மே மாதம் ராச்சஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் 329 படங்கள், டிசம்பரில் வாஷிங்டன் அருகே தேசிய ஆவணக் காப்பகத்தில் கோடி அடிக்கும் மேலான நியூஸ் ரீல். 1982-இல் மெக்சிகோவின் தேசியத் திரைப்படக் காப்பகம். 2021-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமெல்லாம் தீக்குத் தெரியாது.

எரிந்த பிலிமை மீட்க முடியுமா?

முழுதாகச் சாம்பலாகியிருந்தால் முடியாது. ஆனால் கருகியதோடு நின்றிருந்தால் சில சமயம் முடிகிறது. சத்யஜித் ராயின் அப்பு முப்படங்கள்தான் இதற்குப் பெரிய உதாரணம். ராய்க்கு 1992-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்த பிறகு, அவருடைய படங்களைப் புதுப்பிக்க மூல நெகட்டிவ்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1993 ஜூலையில் அங்கே ஹெண்டர்சன் லேபில் தீ. அப்புவின் நெகட்டிவ்களும் மாட்டிக்கொண்டன.

எரிந்து சுருங்கியதைக் குப்பையில் போடாமல் ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் எடுத்து வைத்தது. அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களைக் கும்பிடலாம். இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலியில் பொலோன்யா நகரத்தின் லேப் ஒன்றில், மொறுமொறுவென்று ஆகிப்போன பிலிமுக்கு ஈரம் ஏற்றி இளக்கினார்கள். பிறகு உருகி ஒட்டியிருந்த டேப்பையும் மெழுகையும் சுரண்டி, பற்கள் மாட்டும் ஓரத் துளைகளைக் கையாலேயே மறுபடி செய்து ஒட்டினார்கள். கை வேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. மூன்றாவது படமான ‘அபுர் சன்சார்’ நெகட்டிவ் தேறவில்லை, அதற்கு வேறு பிரதிகள் கைகொடுத்தன. மூன்று படங்களும் 2015-இல் மறுபடி திரைக்கு வந்தன.

சேஃப்டி பிலிமில் பிரதி எடுத்துவிட்டால் கவலையில்லை, அல்லவா?

தீ பற்றிய கவலை இல்லை. வேறு கவலை உண்டு. அந்த அசிடேட் பிலிம் ஈரத்திலும் சூட்டிலும் சிதையும்போது அசிடிக் அமிலம் வெளிவரும், அதாவது வினிகர். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தப் புளித்த நெடியை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்கமாட்டார். நானும் முகர்ந்திருக்கிறேன். உள்ளே பிலிம் சுருங்கி, அப்பளம் போல நெளிந்திருந்தது. இந்த நோயைப் பற்றி கோடக் கம்பெனிக்கு உலகிலேயே முதன்முதலில் போன புகார் இந்திய அரசாங்கத்திடமிருந்துதான். நம் ஊரின் புழுக்கம் அப்படி.

புனே காப்பகத்தில் இருக்க வேண்டிய ரீல்களில் சுமார் 31,000 தொலைந்தோ அழிந்தோ போயிருப்பதாக மத்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கை சொன்னதும் பத்திரிகைகளில் வந்தது. 2003 தீயின் கணக்கைப் போல ஆறு மடங்கு. இதற்கு ஒரு தீக்குச்சிகூடத் தேவைப்படவில்லை, யாரும் மார்ச் 14-இல் இதைப் பகிர்வதும் இல்லை.

என் வீட்டில் பழைய ரீல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சின்ன வயதில் ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, துண்டு பிலிமைச் சுவரில் காட்டியிருப்பீர்கள். அந்தத் துண்டுகள் என்றால் பயமில்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா தியேட்டர் நடத்தினார், பரணில் தகர டப்பா இருக்கிறது என்றால் மட்டும் கவனம். 35 மில்லிமீட்டர் அகலமும் 1950-களுக்கு முந்தைய காலமும் என்றால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பிரிக்க வேண்டாம், புரொஜெக்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம், தீக்கொளுத்திச் சோதிக்கவே வேண்டாம். வெயில் படாத, காற்றோட்டமான, ஆள் படுக்காத இடத்தில் வையுங்கள். பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள். புனே காப்பகத்துக்கோ மும்பையில் உள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதிக் கேளுங்கள், எப்படி எடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள். 16 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் ரீல்கள் பொதுவாக சேஃப்டி பிலிம்தான். மூடியைத் திறந்து வினிகர் வாசம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் மற்ற டப்பாக்களிலிருந்து பிரித்து வையுங்கள். அது தொற்றும்.

தொலைந்த படம் இனிமேல் கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது. டென்மார்க் இயக்குநர் டிரையர் 1928-இல் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தின் நெகட்டிவ் பெர்லின் லேபில் எரிந்தது. விடுபட்ட காட்சித் துண்டுகளை வைத்து அவர் மறுபடி கட்டிய இன்னொரு வடிவமும் எரிந்தது. 1981-இல் ஒரு முழுப் பிரதி நார்வேயில், ஆஸ்லோவின் மனநல மருத்துவமனை அலமாரி ஒன்றில் கிடைத்தது. கனடாவின் டாசன் நகரில், தூர்த்த நீச்சல் குளத்தின் மண்ணுக்கடியில் 1978-இல் 500-க்கும் மேற்பட்ட ரீல்கள் வெளிவந்தன. படம் ஓடும் கடைசி ஊர் அது. திருப்பி அனுப்பும் செலவுக்குக் கட்டுப்படியாகாததால் கம்பெனிகள் அப்படியே விட்டுவிட்டன. பனி அதைக் காப்பாற்றியது. 1919-இல் கல்கத்தாவில் எடுத்த ‘பில்வமங்கள்’ படத்தின் ஒரு பகுதி பாரிஸ் காப்பகத்தில் இருந்து, 2016-இல் பிரதியாகப் புனேவுக்கு வந்தது.

அதனால் தமிழ்ப் படங்களைத் தேடுகிறவர்கள் சென்னையில் மட்டும் தேடக்கூடாது என்று நினைக்கிறேன். 1930-களில் நம் படப்பெட்டிகள் சிலோனுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. திருப்பி அனுப்பும் செலவை யோசித்த வினியோகஸ்தர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். பனிதான் இல்லை.